தோல்ஷாப்பின் சுவர்களும் நம்முடையவைதான்

பண்டிதர் அயோத்திதாசர் நினைவுச் சொற்பொழிவு



பண்டிதர் அயோத்திதாசர் மறைந்தது 1914 மே 5. அவர் பெயரால் நடக்கும் சொற்பொழிவில் கட்டடங்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். நிலம், கல்வி, வன்கொடுமை என்று பேச எவ்வளவோ இருக்கக் கல்லையும் சுண்ணாம்பையும் பற்றி என்ன பேச்சு என்று தோழர்கள் கேட்கலாம். அந்தக் கேள்விக்குப் பண்டிதரின் எழுத்திலேயே பதில் இருக்கிறது. 1907 ஜூன் 19 அன்று 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கியது முதல் அவர் ஓயாமல் செய்த வேலை ஒன்று உண்டு. கண்முன்னே இருக்கிற ஊரை, அதன் பெயரை, அதன் பண்டிகையை, அதன் கோயிலை எடுத்துக்கொண்டு, இது முதலில் யாருடையது, யார் கையில் எப்படிப் போனது என்று கேட்பார். 'இந்திரர் தேச சரித்திரம்' அந்தக் கேள்வியில் பிறந்த நூல். அவர் சொன்ன விடைகள் எல்லாவற்றையும் இன்றைய ஆய்வாளர்கள் ஏற்க வேண்டும் என்பதில்லை. ஆனால் அந்தக் கேள்வி நமக்கு அவர் விட்டுச்சென்ற சொத்து.

அந்தக் கேள்வியை இன்று நாம் பாலாற்றங்கரைக்குக் கொண்டுபோகிறோம். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று நீளும் தோல் வட்டாரத்தில் பாரம்பரியக் கட்டடம் எது? அதை யார் கட்டினார்கள், யார் அதில் உழைத்தார்கள், யார் அதன் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள்? பழைய சுவர்கள் ஒவ்வொன்றாக இடிந்து மனைப்பிரிவும் கல்யாண மண்டபமும் ஆகிக்கொண்டிருக்கிற நேரத்தில், நாம் எதைக் காப்பாற்றச் சொல்லிக் கேட்கப்போகிறோம்?

1. பட்டியலில் இருப்பவை

இந்த வட்டாரத்தின் வரலாற்றைக் காட்டுகிறேன் என்று யாராவது நம்மை அழைத்துப்போனால் முதலில் வேலூர்க் கோட்டைக்குத்தான் போவார்கள். அகழியும் கருங்கல் மதிலும் ஜலகண்டேசுவரர் கோயிலும் 1806 ஜூலை 10 சிப்பாய்ப் புரட்சியும் பாடப்புத்தகத்தில் இருக்கின்றன. அடுத்து ஆற்காடு. 1751-இல் ராபர்ட் கிளைவ் ஆற்காட்டைப் பிடித்து முற்றுகையைத் தாங்கிய கதையோடு சேர்த்துத் தில்லி வாசலைக் காட்டுவார்கள். பாலாற்றைத் தாண்டினால் ராணிப்பேட்டை. செஞ்சி ராஜா தேசிங்கோடு உடன்கட்டை ஏறிய ராணியின் நினைவாக ஆற்காட்டு நவாப் வைத்த பெயர் என்பார்கள். கோட்டை, வாசல், ராணி. வழிகாட்டி அதோடு வண்டியைத் திருப்பிவிடுவார்.

ஆற்காட்டுக்கும் வேலூருக்கும் நடுவே, பாலாற்றின் தென்புறம், சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை மேல்விஷாரம் வழியாகப் போகிறது. 2011 கணக்கெடுப்பில் 44,000-க்கு மேல் மக்கள் இருந்த ஊர். தமிழ் பேசும் முஸ்லிம்கள் பெரும்பான்மை. பள்ளிவாசல்கள், பள்ளிக்கூடங்கள், வணிகக் குடும்பங்களின் பெரிய வீடுகள், கல்லூரி வளாகம் என்று ஊர் தன் வரலாற்றைத் தானே கட்டி வைத்திருக்கிறது. பேருந்தில் போகிறவர்களுக்கு இது வெறும் நிறுத்தம். தென்னிந்தியத் தோல் தொழிலின் வரலாற்றிலோ இது தவிர்க்க முடியாத பெயர்.

இந்த ஊரில் பிறந்தவர் நவாப் சி. அப்துல் ஹக்கீம். 1863 முதல் 1938 வரை வாழ்ந்தவர். தோல் வணிகத்தில் ஈட்டிய செல்வத்தைப் பொதுக் காரியங்களுக்குக் கொடுத்தவர் என்பதால்தான் இன்றும் அவர் பெயர் நிற்கிறது. சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அருகே வெளியூர்ப் பயணிகள் தங்குவதற்கு அவர் கட்டிய சித்தீக் சராய் இன்றும் இருக்கிறது. மேல்விஷாரம் முஸ்லிம் கல்விச் சங்கம் 1918-இல் தொடங்கியது. அந்தச் சங்கம் 1965-இல் அவர் பெயரில் ஒரு கல்லூரியையும் 1998-இல் பொறியியல் கல்லூரியையும் தொடங்கியது. வாணியம்பாடியில் இஸ்லாமியா கல்லூரி 1919-இலேயே வந்துவிட்டது. தோலில் வந்த பணம் கல்வியாக மாறியது என்பது இந்த வட்டாரத்தின் பெருமைக்குரிய உண்மை. அதை நாம் குறைத்துச் சொல்லத் தேவையில்லை. சாதி இந்துப் பணம் கோயில் கோபுரமாகவும் அக்கிரகாரமாகவும் மாறிய காலத்தில் இந்தப் பணம் பள்ளிக்கூடமாக மாறியது. நம் பிள்ளைகளும் அந்தக் கல்லூரிகளின் படிகளில் ஏறியிருக்கிறார்கள்.

ஆனால் கணக்கின் ஒரு பக்கத்தை மட்டும் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடக் கூடாது. சராயும் கல்லூரியும் எந்தத் தோலிலிருந்து வந்தனவோ, அந்தத் தோலைச் சுண்ணாம்புக் குழியிலிருந்து தூக்கியவர்கள் எங்கே குடியிருந்தார்கள்? அவர்களுடைய தெருவுக்கு எந்தக் கல்வெட்டில் பெயர் இருக்கிறது?

2. ரயிலும் பஞ்சமும்

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ஓடியது. ராயபுரத்திலிருந்து அது எங்கே போனது? வாலாஜா ரோட்டுக்கு. மேல்விஷாரத்துக்கு ஆற்றின் அக்கரையில், கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம். ராயபுரம் நிலையத்தைப் பாரம்பரியக் கட்டடம் என்று எல்லோரும் கொண்டாடுகிறோம். அந்தத் தண்டவாளத்தின் மறுமுனையில் என்ன நடந்தது என்று யாரும் கேட்பதில்லை.

மறுமுனையில் தோல் இருந்தது. செருப்பும் கமலைச் சாலும் பறையும் செய்வதற்குத் தோல் பதனிடும் அறிவு நம் சேரிகளில் எப்போதும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் சார்லஸ் டி சூசா என்பவர் ஆவாரம்பட்டையைக் கொண்டு பதனிடும் முறையைச் செம்மைப்படுத்தி ஏற்றுமதிக்கு ஏற்றதாக்கினார் என்று ஆங்கிலேய அரசின் தொழில் அறிக்கைகள் எழுதின. அவர் பெயர் ஆவணத்தில் ஏறியது. அவருக்கு முன்பே பட்டையும் கடுக்காயும் தெரிந்திருந்த கைகளின் பெயர் ஏறவில்லை. 'கிழக்கிந்தியத் தோல்' என்ற பெயரோடு அரைப்பதம் செய்த சரக்கு சென்னைப் பெரியமேட்டுக் கிடங்குகளுக்குப் போய், அங்கிருந்து கப்பலேறி லண்டன் ஏலத்துக்குப் போனது.

அடுத்து 1876–78 பஞ்சம். சென்னை மாகாணமே சுடுகாடானது. வடஆற்காடும் தப்பவில்லை. மாடுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. தோல் ஏற்றுமதி பெருகியது. இந்த இரண்டு வாக்கியங்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பண்ணையில் கூலியின்றிக் கிடந்தவர்கள் முதலில் பட்டினியால் விழுந்தார்கள். தப்பியவர்கள் ஊரைவிட்டு நடந்தார்கள். வடஆற்காட்டுச் சேரிகளிலிருந்து வெளியேற அப்போது சில வழிகள்தான் இருந்தன. ஒன்று பட்டாளம். ஒன்று கப்பலேறிப் போகும் தோட்டம். ஒன்று கோலார் தங்கவயல். இன்னொன்று தோல்ஷாப்பு.

தங்கவயலுக்குப் போனவர்கள் அங்கே மாரிக்குப்பத்தில் பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்குக் கிளை கண்டார்கள். பத்திரிகைக்குச் சந்தா கட்டினார்கள், வாசகராகவும் எழுத்தாளராகவும் ஆனார்கள். நிலத்துக்கடியில் இறங்கியவர்கள் கையில் காசும் எழுத்தும் வந்தபோது என்ன செய்தார்கள் என்பதற்கு மாரிக்குப்பம் சாட்சி. தோல்ஷாப்புக்குப் போனவர்கள் சொந்த ஊருக்குப் பக்கத்திலேயே இருந்தார்கள். அதனால் அவர்களுடைய வரலாறு சேரியின் அன்றாட வரலாற்றோடு கலந்து, தனியாக யாரும் எழுதாமல் போயிற்று.

முதல் உலகப்போர் வந்தபோது பிரிட்டிஷ் படைவீரர்களின் பூட்ஸ் மேல்தோலுக்கு இந்தக் கிழக்கிந்தியத் தோலை அரசே வாங்கியது. பிரான்சின் சேற்றில் மிதித்த பூட்ஸுக்குள் ஆவாரம்பட்டை வாசனை இருந்தது. போர் நினைவுத் தூண்களில் அதற்கு ஒரு வரி இல்லை.

3. தோல்ஷாப்பு ஒரு கட்டடம்

கட்டடக்கலை பேசுகிறவர்கள் தூணையும் வளைவையும் பார்க்கிறார்கள். நாம் பழைய தோல்ஷாப்பை அதே கண்ணோடு பார்க்கலாம். அது வேலைக்காகவே கட்டப்பட்ட கட்டடம். அதன் ஒவ்வொரு பகுதியும் ஒரு வேலையைச் சொல்லும், ஒவ்வொரு வேலையும் ஒரு சாதியைச் சொல்லும்.

வாசலில் உப்புப் போட்ட பச்சைத் தோல் வந்து இறங்கும் முற்றம். அதை ஊறவைத்துக் கழுவும் தொட்டிகள். அடுத்து தரையில் வரிசையாக வெட்டிய சுண்ணாம்புக் குழிகள். முடி இளகும்வரை தோல் அதில் கிடக்கும். குழியில் இறங்கி அதைப் புரட்டிப்போட வேண்டும். பிறகு சாய்வான மரக்கட்டையில் விரித்து வளைந்த கத்தியால் முடியை வழிப்பார்கள், உள்புறத்துச் சதையையும் சவ்வையும் சீவுவார்கள். கத்தி கொஞ்சம் ஆழமாகப் போனால் தோல் ஓட்டை, கூலியில் பிடித்தம். கொஞ்சம் மேலே போனால் சவ்வு நிற்கும், மேஸ்திரியின் திட்டு. அந்தக் கைக்கணக்கு எந்தப் பள்ளிக்கூடத்திலும் கற்றுத் தரப்படவில்லை. அடுத்தவை பட்டைத் தொட்டிகள். இடித்த ஆவாரம்பட்டைச் சாற்றில் நாள் கணக்காகத் தோல் ஊறும், பிறகு கடுக்காய். எண்ணெய் தடவிக் காயப்போட மேலே காற்றோட்டமான உயரக் கொட்டகை. காய்ந்ததைத் தரம் பிரித்து அடுக்கும் அறை. கடைசியில் கணக்குப்பிள்ளையின் மேசை.

ஈரம் இருந்த இடத்தில் பெரும்பாலும் பறையரும் அருந்ததியரும் இருந்தார்கள். தோல் காயக் காய அதைத் தொடும் கைகளின் சாதி மாறிக்கொண்டே போனது. தரம் பிரிக்கும் அறைக்கும் கணக்கு மேசைக்கும் நம் ஆட்கள் போய்ச் சேரப் பல தலைமுறை ஆயிற்று. பெண்கள் உப்பு உதறினார்கள், பட்டை சுமந்தார்கள், தோலை வெயிலுக்கும் நிழலுக்கும் மாற்றிப் போட்டார்கள், தரையைக் கூட்டிக் கழுவினார்கள். ஊருக்குள் சாதி தெருவாக இருந்தது. தோல்ஷாப்புக்குள் அது தொட்டியாகவும் கொட்டகையாகவும் இருந்தது. சேரியின் வரைபடத்தையும் தோல்ஷாப்பின் வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் மாணவருக்கு எந்த விளக்கவுரையும் வேண்டாம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் முயற்சியில் குரோம் பதனிடல் சென்னைக்கு வந்தது. 1948-இல் அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் அமைந்தது. 1970-களில் சீதாராமையா குழுவின் பரிந்துரையை ஒட்டி அரைப்பதத் தோல் ஏற்றுமதியை அரசு கட்டுப்படுத்தி, முடித்த தோலாகவும் செருப்பாகவும் அனுப்பச் சொன்னது. தொழிலுக்கு அது வளர்ச்சி. தரைத் தொட்டிகளின் இடத்தில் சுழலும் டிரம்கள் வந்தன, பட்டையின் இடத்தில் ரசாயனம் வந்தது. ஆம்பூர் ஷூ தொழிற்சாலைகளில் ஆயிரக்கணக்கான பெண்கள் வேலைக்குச் சேர்ந்தார்கள். பழைய தோல்ஷாப்புகள் கிடங்காயின, பூட்டப்பட்டன, இடிக்கப்பட்டன.

இந்த உலகத்தை இலக்கியம்தான் ஓரளவு காப்பாற்றி வைத்திருக்கிறது. திண்டுக்கல் தோல் தொழிலாளர்களைப் பற்றி டி. செல்வராஜ் எழுதிய 'தோல்' 2010-இல் வந்து 2012-ஆம் ஆண்டின் சாகித்திய அகாடமி விருது பெற்றது. நம் பேரணாம்பட்டு மண்ணிலிருந்து அழகிய பெரியவன் எழுதிக்கொண்டிருக்கிறார். நாவலாசிரியர்கள் செய்ததை வரலாற்று மாணவர்கள் இன்னும் செய்யவில்லை.

4. சேரி கட்டியவை

'சேரியில் என்ன பாரம்பரியக் கட்டடம் இருக்கிறது? குடிசைதானே' என்று நம்மவர்களே சொல்வதுண்டு. மண்சுவரும் பனையோலையும் நூறாண்டு நிற்காது. 1958-ஆம் ஆண்டின் மத்தியத் தொல்லியல் சட்டம் ஒரு கட்டடத்தை நினைவுச்சின்னம் என்று ஏற்கக் குறைந்தது 100 ஆண்டு கேட்கிறது. கல்லில் கட்ட உரிமையும் காசும் நிலமும் இல்லாதவர்களை அந்த 100 ஆண்டு விதி தானாகவே வெளியே நிறுத்திவிடுகிறது. யாரும் சூழ்ச்சி செய்ய வேண்டியதில்லை.

ஆனாலும் சேரி கட்டியது உண்டு. 1853-இல் தொடங்கிய அமெரிக்க ஆற்காடு மிஷன், சேரிப் பிள்ளைகளுக்குத் திறந்த பள்ளிகளும் சிற்றாலயங்களும் இந்த மாவட்டமெங்கும் உண்டு. 1920-களில் சென்னை மாகாணத்தின் தொழிலாளர் துறை ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு வீட்டுமனை வாங்கிக் கொடுத்தது, 'லேபர் ஸ்கூல்' நடத்தியது. இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளின் வேர் அங்கே இருக்கிறது. 1974-இல் தாட்கோ வந்தது. தாட்கோ கட்டிக் கொடுத்த தொகுப்பு வீடுகள் இன்று காரை பெயர்ந்து, கம்பி தெரிந்து நிற்கின்றன. அவை ஒழுகுகின்றன, இடிகின்றன, புதிதாகக் கட்டித்தர வேண்டும் என்பது நம் கோரிக்கை. அதே நேரத்தில், பல குடும்பங்களில் முதல் தலைமுறையாகப் பூட்டும் சாவியும் போட்ட வீடு அதுதான் என்பதையும் எழுதி வைக்க வேண்டும்.

தெருவும் ஒரு கட்டுமானம்தான். 1924-இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானம் நினைவிருக்கும். பொதுத் தெரு, பொதுக் கிணறு, பொது அலுவலகம் எதிலும் ஆதிதிராவிடர் நுழைவதை யாரும் தடுக்கக் கூடாது என்பதுதான் அது. ஒரு தெருவில் நடக்கச் சட்டமன்றத் தீர்மானம் தேவைப்பட்ட நாடு இது. பழைய நகரத்துத் தெருக்களின் அழகைப் பற்றி எழுதுகிறவர்கள், அந்தத் தெருவில் யார் எந்த ஆண்டிலிருந்து செருப்போடு நடக்க முடிந்தது என்பதையும் எழுதினால்தான் அது வரலாறாகும். அதிலும் செருப்புக்குத் தோல் பதனிட்டுக் கொடுத்தவர் செருப்பில்லாமல் நடந்த வரலாறு.

பிறகு நம் அம்பேத்கர் மன்றங்கள். தகரக் கூரை, ஒரு கேரம் பலகை, சுவரில் பாபாசாகேப் படம், பழைய நாளிதழ்கள், பத்தாம் வகுப்புக்கு இரவுப் பாடம். சேரியில் பொது என்று சொல்லத்தக்க முதல் அறை பல இடங்களில் அதுதான். கல்யாணப் பேச்சும் கூலிப் பேச்சும் தேர்தல் பேச்சும் ரத்ததானமும் அங்கேதான் நடந்தன. 1989-இல் பிரிந்த இந்த மாவட்டத்துக்கு வடஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று பெயர் வைத்தார்கள். 1997-இல் தலைவர்கள் பெயர்கள் எல்லா மாவட்டங்களிலிருந்தும் நீக்கப்பட்டபோது அந்தப் பெயரும் போயிற்று. அரசாணை எடுத்துக்கொண்ட பெயரை மன்றங்களின் பெயர்ப்பலகைகள் விடாமல் வைத்திருக்கின்றன.

5. கீழ்விஷாரம்

மேல்விஷாரம் என்று ஒரு பெயர் இருந்தால் கீழ்விஷாரம் என்றும் ஒன்று இருக்கும். இருக்கிறது. கீழ்விஷாரம் மேல்விஷாரம் நகராட்சியோடு சேர்க்கப்பட்ட பிறகு, எங்களுக்குத் தனி ஊராட்சி வேண்டும் என்று அங்கிருந்து எழுந்த கோரிக்கை நீதிமன்றம் வரை போனது. தலித் மக்கள் கேட்டது குடிநீர், சாலை, வடிகால், பிரதிநிதித்துவம். ஆனால் வெளியிலிருந்து வந்த சிலர் அதை 'முஸ்லிம் நகராட்சியில் வதைபடும் இந்துக்கள்' என்று வேறு மொழியில் பேசினார்கள்.

நாம் இதில் தெளிவாக இருக்க வேண்டும். சேரிக்குக் குழாய் வராத குறையை நகராட்சியிடம் கேட்போம். ஆலைக்குள் கூலி குறைந்தால் முதலாளியிடம் கேட்போம், அவர் எந்த மதமாக இருந்தாலும். அதைக் கேட்பதற்கு, நம்மை ஊர்த்தெருவில் நடக்கவிடாதவர்களின் தோள் நமக்குத் தேவையில்லை. இன்று நம் துயரத்தைக் கையிலெடுத்துப் பேசுகிறவர்கள், மாவட்டத்தின் மற்ற ஊர்களில் கோயில் நுழைவுக்கும் பொதுச் சுடுகாட்டுக்கும் என்ன பேசினார்கள் என்று பார்த்தாலே போதும்.

மறுபுறம், மத நல்லிணக்கம் என்ற பெயரில் கூலிக் கணக்கை மூடிவைக்கவும் வேண்டாம். இந்த ஊரில் முஸ்லிமும் தலித்தும் ஒரே ஆலையின் புகையைச் சுவாசித்தார்கள், ஒரே ஆற்றின் தண்ணீரைக் குடித்தார்கள். முஸ்லிம்களிலும் கூலிக்காரர்கள் உண்டு, குரோம் தொட்டியில் கைவிட்டவர்கள் உண்டு. அவர்களோடு சேர்ந்து எழுதும் வரலாறுதான் நம் வரலாறு. சராய் கட்டிய கொடையையும் சுண்ணாம்புக் குழியில் நின்ற காலையும் ஒரே பக்கத்தில் எழுத முடிந்தால், அந்தப் பக்கத்தை யாரும் கலவரத்துக்குப் பயன்படுத்த முடியாது.

6. ஆறும் ஒரு நினைவுச்சின்னம்

கட்டடங்கள் போனாலும் போகாத ஒன்று இருக்கிறது. 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு. ஐந்து மாவட்டங்களில் 900-க்கு மேற்பட்ட தோல் ஆலைகள் இயங்குவதையும், தோல் வட்டாரத்தில் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாமல் போனதையும் அந்தத் தீர்ப்பு பதிவு செய்தது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதியாக்கிய தீர்ப்பு அது. ஒவ்வொரு ஆலைக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. நாடு முழுவதும் சட்டக் கல்லூரிகளில் பாடமாக வைக்கிறார்கள். நம் பாலாறு அந்தப் பாடத்தில் ஒரு வழக்கின் பெயர்.

மேல்விஷாரத்திலும் ராணிப்பேட்டையிலும் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. ஆனால் இழப்பீட்டுப் பேச்சு பெரும்பாலும் ஹெக்டேர் கணக்கில் நடந்தது. பட்டா உள்ளவருக்கு நிலம் போனது தெரிந்தது. பட்டா இல்லாதவருக்கு என்ன போனது? பயிர் நின்றதும் களை எடுக்கும் கூலி நின்றது. ஊற்று தோண்டிக் குடித்த ஆற்றுத் தண்ணீர் நின்றது. எந்தக் கூலிக்காரரின் பெயரில் அதை எழுதினார்கள்?

ராணிப்பேட்டையில் 1975 முதல் 1995 வரை இயங்கி மூடிய அரசுத் தொடர்புள்ள குரோமேட் ஆலை ஒன்று, லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவைக் குவித்துவைத்துவிட்டுப் போனது. எந்தக் கோட்டை மதிலும் இவ்வளவு காலம் பேசப்படும் என்று சொல்ல முடியாது. 2015 ஜனவரி 31 அதிகாலை, ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவு தேக்கிய தொட்டியின் சுவர் உடைந்தது. பக்கத்து ஆலைக்குள் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் கழிவுச் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். நம் தாத்தாக்கள் தங்கவயலுக்குப் போனது போல அவர்கள் இங்கே வந்தார்கள். ஆலைக்குள்ளேயே படுத்தார்கள், சேரியில்கூட அவர்களுக்கு வீடில்லை. பாரம்பரியச் சுவர்களைப் பற்றிப் பேசும்போது இந்தச் சுவரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

7. மற்ற ஊர்கள் என்ன செய்தன

நம் தோல் ஏலம் போன லண்டனின் பெர்மண்ட்சி பகுதியில், 1878-இல் கட்டிய தோல், கம்பளிச் சந்தைக் கட்டடம் ஒன்று நிற்கிறது. சட்டப்படி பாதுகாக்கப்பட்ட கட்டடம். அதன் வெளிச்சுவரில் வட்ட வட்டமாகச் சிற்பங்கள். என்ன சிற்பம்? தோல் தொழிலின் வேலைகள். தொழிலாளி தோலோடு நிற்கும் காட்சி. வணிகர்கள் கூடும் மாளிகையின் நெற்றியிலேயே வேலைக்காரரின் உருவம் இருக்கிறது. மொராக்கோவின் ஃபெஸ் நகரத்துப் பழைய பகுதியை 1981-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதன் நடுவே தோல் தொட்டிகள் இன்றும் இயங்குகின்றன. சுற்றுலாப் பயணிகள் மாடியில் நின்று, மூக்கில் புதினா வைத்துக்கொண்டு பார்க்கிறார்கள். தொட்டிக்குள் நிற்கிறவருக்குப் புதினா கிடையாது. இந்த இரண்டாவது வகைப் பாதுகாப்பு நமக்கு வேண்டாம்.

நமக்கு நெருக்கமான முன்மாதிரி மும்பையில் இருக்கிறது. பரேலில் உள்ள பி.ஐ.டி. சாலில் பாபாசாகேப் 1912 முதல் 1934 வரை வாழ்ந்தார். மில் தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த அடுக்குக் குடியிருப்பு அது. அந்த அறைகளை நினைவிடமாக்குவதாக மகாராஷ்டிர அரசு அறிவித்தது. அரண்மனையில் பிறக்காதவரின் நினைவிடம் அரண்மனையாக இருக்க வேண்டியதில்லை என்பதை ஒப்புக்கொண்ட அறிவிப்பு அது. ஒரு சால் அறை பாரம்பரியம் ஆகலாம் என்றால், ஒரு தோல்ஷாப்பும் ஆகலாம், ஒரு லேபர் ஸ்கூலும் ஆகலாம்.

8. செய்ய வேண்டியவை

பழைய சுவரைக் காப்பாற்றுவது வெறும் ஏக்கத்துக்காக அல்ல என்று சொன்னோம். அதில் உயிரும் காசும் இருக்கிறது. 2025 வரை நடப்பிலிருந்த 1972-ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டப்படி ஐந்தாண்டு தொடர்ந்து வேலை செய்தவருக்குப் பணிக்கொடை இருந்தது. 2025 வரை நடப்பிலிருந்த தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் குரோமியத்தால் வரும் புண் அறிவிக்கத்தக்க தொழில்நோயாக இருந்தது. ஆனால் எந்த ஆலையில், எந்த ஆண்டில், எந்தத் தொட்டியில் வேலை செய்தேன் என்று ஒரு மூதாட்டி எப்படி நிரூபிப்பார்? ஆலை மூடிவிட்டது, பெயர் மாறிவிட்டது, இடம் மனையாகிவிட்டது, வருகைப் பதிவேடு பழைய பேப்பர் கடைக்குப் போய்விட்டது. கட்டடம் போகும்போது சாட்சியும் போகிறது. ஆகவே சில வேலைகளைச் சொல்லி முடிக்கிறோம்.

மாணவர்களுக்கு: உங்கள் ஊரில் இடிபடப்போகும் தோல்ஷாப்பை இடிவதற்கு முன் அளந்து வரையுங்கள். தொட்டி எத்தனை, குழி எத்தனை, வாசல் எந்தப் பக்கம், கழிவுக் கால்வாய் எந்தத் தெருவுக்குப் போகிறது என்று குறியுங்கள். அங்கே வேலை செய்தவர்களை அங்கேயே நிறுத்தி, அவர்கள் அனுமதியோடு பேச்சைப் பதிவு செய்யுங்கள். வேலைக்குரிய சொற்களை அவர்கள் சொல்லுகிறபடியே எழுதுங்கள். அந்தச் சொற்கள் எந்த அகராதியிலும் இல்லை.

குடும்பங்களுக்கு: சம்பளச் சீட்டு, வைப்புநிதி எண், இ.எஸ்.ஐ. அட்டை, மருத்துவச் சீட்டு, மனைப் பட்டா, தாட்கோ ஒதுக்கீட்டு ஆணை எதையும் எறியாதீர்கள். மழைக்கால ஓட்டுக்கடியிலிருந்து அவற்றை எடுத்து மன்றத்தில் படியெடுத்து வையுங்கள்.

ஆலை உரிமையாளர் குடும்பங்களுக்கு: உங்கள் முன்னோரின் கொடையை நாம் மறுக்கவில்லை. அவர்கள் வைத்திருந்த கூலிப் பேரேடுகளைத் திறந்து காட்டுங்கள். கல்லூரி வளாகங்களில் கொடையாளர் பெயர்ப்பலகைக்குப் பக்கத்தில் தொழிலாளர்களுக்கும் ஒரு சுவர் ஒதுக்குங்கள்.

அரசுக்கு: 2012-இல் தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் இயற்றப்பட்டது. அந்த ஆணையத்தின் பட்டியலில் கோட்டைக்கும் வாசலுக்கும் அடுத்து, பாலாற்றங்கரையில் ஒரு பழைய தோல்ஷாப்பையாவது சேர்த்து, அங்கே தோல் தொழிலாளர் அருங்காட்சியகம் அமைக்க வேண்டும். 2015-இல் இறந்த 10 பேரின் பெயர்கள் அதில் வங்காளத்திலும் தமிழிலும் பொறிக்கப்பட வேண்டும். கழிவுத் தொட்டியில் மனிதரை இறக்குவதைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் அதன் வாசலில் தொங்க வேண்டும், ஆலைகளிலும் நடைமுறையில் இருக்க வேண்டும்.

மன்றங்களுக்கு: உங்கள் தகரக் கூரை மன்றம் எந்த ஆண்டில், யார் கொடுத்த மூங்கிலில், யார் சுமந்த மண்ணில் எழுந்தது என்பதை இந்த மாதத்துக்குள் ஒரு நோட்டில் எழுதுங்கள். எழுதத் தெரிந்த பிள்ளையும் நினைவிருக்கிற பாட்டியும் ஒரே வீட்டில் இருக்கிற காலம் இது. அதை வீணாக்க வேண்டாம். பண்டிதர் ஒரு பைசாவுக்குப் பத்திரிகை விற்று அந்த வேலையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு இதே மேடையில் அந்த நோட்டுகளை வாசிப்போம்.

ஜெய்பீம்.